பதினான்கு நாள் ஐரோப்பா

நமக்குத் தொழில் உயர்தரப் பாடசாலையில் பூகோளம் கற்பிப்பது. இருபது வருஷ காலமாக ஐரோப்பாக் கண்டத்தின் படத்தைச் சுவரில் மாட்டி, மூங்கில் கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டி வந்திருக்கிறோம். கோலின் நுனி ரோமாபுரியிலிருந்து பாரிஸுக்கு அரை விநாடியில் போய்விடும். வழியில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும்போது கூட அதற்கு மூச்சு வாங்குவதில்லை. இப்படிக் கோலைக் கொண்டே உலகத்தை அளந்து பழகியவர்கள், 78 வயதுத் தகப்பனாரையும் 72 வயதுத் தாயாரையும் அதே கண்டத்துக்கு அழைத்துக்கொண்டு போவதென்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் நமது தம்பி பல வருஷங்களாகவே பெற்றோரை வரும்படி அழைத்துக் கொண்டிருந்தான். "வீட்டை யார் பார்த்துக் கொள்வது?" என்று அப்பா தட்டிக் கழிப்பார். "அவருக்குச் சாப்பாடு ஒத்துக் கொள்ளாது" என்று அம்மா பழியை அவர்மேல் போடுவாள். 2024-ஆம் வருஷக் கடைசியில் அப்பாவுக்கு இருதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, அதற்குள் ஒரு சிறு கம்பி வலைக் குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பத்தாம் நாள், திண்ணையில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "போவதானால் இந்தக் கோடையில் போய்விட வேண்டும்" என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கோடையைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

நமக்குப் பாடசாலை விடுமுறை மே மாதம். கையில் இருந்தது இரண்டு வாரம். செலவில் பெரும் பகுதி தம்பியுடையது. இனி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தோம். அதுதான் மூன்று மாதம் நம்மை ஆட்டி வைத்த காரியம்.

முதலில் தம்பி ஒரு பிரயாணக் கம்பெனியின் வர்ணப் படங்கள் நிறைந்த புஸ்தகத்தை அனுப்பினான். பதினான்கு நாளில் ஏழு தேசங்கள்! பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி. கோலால் தொட்டுக் காட்டுகிறவருக்கு இதைவிடப் பிடித்தமான ஏற்பாடு வேறு உண்டா? நாமும் ஆகா என்று புளகாங்கிதம் அடைந்தோம். நமது சகதர்மிணி மாத்திரம் அந்தப் புஸ்தகத்தை வாங்கி, பென்ஸிலால் ஏதோ கணக்குப் போட்டாள். "பதினான்கு நாளில் பத்து ஹோட்டல். பத்துத் தடவை பெட்டி கட்ட வேண்டும். தினம் காலை ஆறு மணிக்கு எழுப்பி விடுவார்கள். அத்தையின் முழங்காலில் காலைப் பிடிப்பு விடுவதற்கே ஏழரை மணி ஆகிறதே?" என்றாள். நாம் அதைப் பெண்களுடைய வழக்கமான பயம் என்று எண்ணி ஒதுக்கினோம். அந்த மாதிரி எண்ணியதற்குத் தண்டனை சீக்கிரத்திலேயே கிடைத்தது.

அந்த ஏற்பாட்டை உடனே விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் சில வருஷம் மேட்டுப்பாளையத்தில் வேலை பார்த்தவர். ஊட்டிக்குப் போகும் பல்சக்கர ரயிலின் பழைய எஞ்சின்கள் ஸ்விட்ஸர்லாந்தில் விண்டர்தூர் என்னும் ஊரில் செய்யப்பட்டவை. அந்தப் பல் தண்டவாளத்தின் முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் என்பவரும் அந்தத் தேசத்தார்தான். ஆகவே அப்பாவுக்கு ஸ்விட்ஸர்லாந்து என்றால் பனியும் அல்ல, சாக்லேட்டும் அல்ல, மலையேறும் ரயில். அதிலும் யுங்ஃபிராவ் ரயில். 1896-ல் தொடங்கி 1912 வரையில் மலையின் வயிற்றைக் குடைந்து போட்ட பாதை அது. ஏழு கிலோ மீட்டருக்கு மேல் சுரங்கத்துக்குள்ளேயே ஏறி 3,454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே மிக உயரமான ஸ்டேஷனில் போய் நிற்கிறது. அதைப் பற்றி அவர் பேசும்போது நம் வீட்டுக் குழந்தைகள் காலம் சென்ற பாட்டனாரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக் கொண்டிருக்கும்.

அம்மாவின் ஆசை வேறு. சமையலறைச் சுவரில், என்றோ ஒரு ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்குகிறது. வருஷம் போய்த் தேதிகளைக் கிழித்து எறிந்தாகிவிட்டது. படம் மாத்திரம் இருக்கிறது. வெனிஸ் நகரத்துப் பெரிய கால்வாயும் அதன்மேல் ஒரு கல் பாலமும். "வாசற்படியில் தண்ணீர் இருக்குமாமே, உண்மைதானா?" என்று அம்மா ஒரு தடவை நம்மிடம் கேட்டதுண்டு. கம்பெனியின் புஸ்தகத்தில் யுங்ஃபிராவுக்கு ஒரு நாளும் வெனிஸுக்கு அரை நாளும் இருந்தன. இருவருடைய ஆசையும் ஒரே சீட்டில் தீருகிறதே!

நிற்க. மாசி மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தோம். அந்த ஸ்டேஷனில் இரண்டாவது மேடையிலிருந்து வெளியே வர மேம்பாலம் ஏற வேண்டும். லிப்ட் அன்று வேலை செய்யவில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இருபதாவது படியிலோ என்னவோ நின்றுவிட்டாள். பின்னால் ஜனங்கள் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். அவள் முகத்தில் இருந்தது வலி அல்ல, வெட்கம். அப்பா அவளுக்கு முன்னால் நாலு படி மேலே இருந்தவர், சட்டென்று கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி, கீழே நின்ற கூட்ஸ் வண்டியைக் காட்டி, "நாற்பத்திரண்டு வாகன் இருக்கும். எண்ணிப் பார்க்கலாம், நில்லுங்கள்" என்றார். எல்லோரும் நின்று எண்ணினோம். அவளுக்காகத்தான் நிற்கிறார் என்று முதலில் நினைத்தோம். அவருடைய கையைப் பார்த்தபோது தெரிந்தது: கம்பியை அவரும் இறுகப் பிடித்திருந்தார், மேல்மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது.

அன்றிரவு ஊர் திரும்பியபின் அம்மா நம்மைத் தனியாகக் கூப்பிட்டாள். "எனக்கு வெனிஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உன் அப்பாவுக்கு அந்த மலை ரயிலை மட்டும் காட்டிவிடு" என்றாள். மறுநாள் காலை அப்பா நம்முடன் பால் வாங்க வந்தார். அவர் பால் வாங்க வருகிறவர் அல்ல. "டாக்டர் மலைக்கெல்லாம் போகக் கூடாது என்பார். எனக்கு அது பெரிதல்ல. உன் அம்மா அந்தக் காலண்டரை எத்தனை வருஷமாக வைத்திருக்கிறாள், பார்த்தாயா?" என்றார்.

டாக்டர் அப்படியேதான் சொன்னார். யுங்ஃபிராவ் ஸ்டேஷனில் காற்றின் அழுத்தம் சமுத்திர மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். வைத்தியம் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகாத இருதயத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது வேண்டாம் என்றார். வெனிஸ் விஷயமோ இன்னும் விசேஷம். அந்த நகரில் பாலங்கள் மாத்திரம் நானூறுக்கு மேல். அநேகமாக எல்லாம் படிக்கட்டுப் பாலங்கள். மோட்டார் வண்டி கிடையாது. ஆக, இருதயம் சரியில்லாதவர் மலையைக் கேட்கிறார். முழங்கால் சரியில்லாதவள் படிக்கட்டு ஊரைக் கேட்கிறாள். உடம்பு எதைக் கூடாது என்கிறதோ அதைத்தான் மனம் கேட்கும் போலிருக்கிறது.

நாம் உபாத்தியாயர் அல்லவா? படத்தை மறுபடி விரித்து, முறையாக ஆராயத் தொடங்கினோம்.

ரோமாபுரி ஏழு குன்றுகளின்மேல் உள்ளது என்று மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். குன்று என்றால் ஏற வேண்டும் என்பது இப்போதுதான் மனத்தில் பட்டது. பழைய தெருக்களில் கருங்கல் கட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு, கைத்தடி அதில் மாட்டிக் கொள்ளும். பீட்டர் தேவாலயத்துக் கோபுரத்துக்கு 551 படிகள். லிப்டில் போனாலும் மிச்சம் 320 படிகள். ஸ்பானியப் படிக்கட்டு என்று ஒரு பிரசித்தமான இடம் இருக்கிறது. அதில் ஏறினால் கால் வலிக்கும். வலிக்கிறதே என்று உட்கார்ந்தால், 2019 முதல், அபராதம் போடுவார்கள்! பாரிஸில் பாதாள ரயில் பிரமாதமானது, ஆனால் 1998-ல் திறந்த 14-ஆவது தடம் ஒன்றைத் தவிர மற்றப் பழைய தடங்களில் படி ஏறி இறங்காமல் போக முடியுமென்று நம்ப முடியாது. லிஸ்பன் நகரில் சாப்பாடும் விலையும் நயம், சீதோஷ்ணமும் நயம். ஆனால் அதுவும் குன்றுகளின்மேல் உள்ள ஊர்தான், வழவழப்பான சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதைகள் வேறு. அங்கே ஜெரோனிமஸ் மடத்தில் வாஸ்கோட காமாவின் சமாதி இருக்கிறது என்று சொன்னோம். "நம்மைத் தேடி வந்த மனிதனை நாம் வேறு தேடிக் கொண்டு போக வேண்டுமா?" என்றார் அப்பா. லிஸ்பன் அத்துடன் முடிந்தது.

டான்யூப் நதியில் போகும் கப்பல் ஒன்று மனத்தைக் கவர்ந்தது. ஒரே கட்டில், ஊர்தான் மாறிக் கொண்டிருக்கும், பெட்டி மாறாது. முதியவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை என்றே இன்றும் நினைக்கிறோம். ஆனால் நதியில் ஜலம் குறைந்தால், 2022-ல் நேர்ந்ததுபோல், கப்பலை விட்டு மோட்டார் பஸ்ஸில் ஏற வேண்டி வரும். வெள்ளம் வந்தாலும் அப்படியே. மேலும் மூன்று வேளையும் கப்பல் சமையல். மோர்சாதம் இல்லாமல் பதினான்கு நாள் என்று சொன்னதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டோம்.

கடைசியில் நமது தீர்ப்பு வியன்னாவுக்கு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணங்கள் அத்தனையும் இன்றைக்கும் சரியானவை. நகரத்தின் மத்தி ஏறக்குறைய சமதரை. பழைய கோட்டைச் சுவரை இடித்து அமைத்த வட்டச் சாலையில் டிராம் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நடைபாதை மட்டத்துக்குத் தாழ்ந்த தளம் உள்ளவை, படியில்லாமல் ஏறலாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுக்களிலிருந்து குழாயில் குடிஜலம் வருகிறது. காபி ஹோட்டலில் ஒரு காபி வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பத்திரிகை படிக்கலாம்; எழுந்திரு என்று ஒருவரும் சொல்ல மாட்டார். ஒரு சிறு தட்டில் காபியும் அதன் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக் கொடுப்பார்கள். இந்தக் காபி ஹோட்டல் பழக்கத்தை ஆஸ்திரியாவின் பரம்பரைச் செல்வங்களில் ஒன்றாக 2011-ல் பதிவு செய்திருக்கிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்? வெளியே போன இடத்தில் உட்கார நாற்காலியும், கௌரவமான கழிப்பிடமும் கிடைப்பதுதான் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊர் பார்ப்பதில் முக்கால் பாகம். ஐரோப்பாவில் பல ஸ்டேஷன்களில் காசு போட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். சில்லறையைத் தனிப் பையில் வைத்துக் கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும்.

இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதி, மார்க்குப் போட்டு, வியன்னாவுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு என்று வீட்டாருக்கு வாசித்துக் காட்டினோம். அப்பா, "நல்ல ஊராகத்தான் தெரிகிறது" என்றார். அம்மா, "உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்" என்றாள். பரீட்சையில் தோற்ற பையனிடம் பெற்றோர் பேசும் பேச்சு அது. அவர்கள் எழுந்து போனபிறகு சகதர்மிணி, "இது யாருடைய பிரயாணம்?" என்று கேட்டாள்.

நமக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விக்கு வருகிற கோபம்.

"அத்தை வெனிஸில் நானூறு பாலமும் ஏற வேண்டும் என்றா கேட்டார்கள்? பார்க்க வேண்டும் என்றுதானே கேட்டார்கள்?" என்றாள் அவள் மேலும்.

இந்த ஒரு கேள்விக்குப் பிறகு படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வெனிஸில் பெரிய கால்வாயின் நீளம் நாலு கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் பாலங்கள் நாலே நாலுதான். முதலாம் இலக்கத்து நீராவிப் படகு என்று இன்னும் பழைய பெயராலேயே அழைக்கப்படும் பொதுப் படகு, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தையல் போடுவதுபோல் துறைக்குத் துறை நின்று போகிறது. மேடையிலிருந்து படகுக்கு ஓரடி எடுத்து வைத்தால் போதும். பாலம் ஏறாமல் எந்தெந்தப் பகுதிக்குப் போகலாம் என்று நகர சபையாரே வர்ணம் தீட்டிய படம் போட்டிருக்கிறார்கள். மார்க் தேவாலயத்துச் சதுக்கத்துக்குக்கூட ஒரு துறையிலிருந்து பாலம் ஏறாமலே போய்விடலாம்.

மலைக்கும் அதே நியாயம். அப்பா கேட்டது உயரமா, ரயிலா? ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் யுங்ஃபிராவ் அல்ல. லூசர்ன் ஏரிக் கரையில் விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைக்கு 1871-ல் போட்ட ரயில். அதை அமைத்த ரிகன்பாக் என்னும் எஞ்சினியரையே 1882-ல் நமது நீலகிரிக்கு வரவழைத்து, ஊட்டி ரயிலுக்குத் திட்டம் கேட்டிருக்கிறார்கள். ரிகியின் உச்சி 1,798 மீட்டர். உதகமண்டலம் 2,240 மீட்டர்! டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் சிரித்து விட்டார். "ஊட்டிக்குப் போகிறவரை நான் எப்போது தடுத்தேன்?" என்றார்.

ஆகவே, லூசர்னில் எட்டு இரவு, வெனிஸில் நாலு இரவு, நடுவில் வழியில் ஒன்று என்று தீர்மானமாயிற்று. தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது வெகு நேரம் பேசாமல் இருந்தான். "அண்ணா, பாரிஸ் பார்க்காமல் ஐரோப்பா போய் வந்தோம் என்றால் ஊரில் யார் மதிப்பார்கள்? ஐபல் கோபுரத்தின்கீழ் அவர்கள் இருவரையும் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பத்து வருஷமாக நினைத்துக் கொண்டிருக்கிறேன்" என்றான். மேம்பாலத்துக் கதையைச் சொன்னோம். "அங்கே லிப்ட் இருக்கும்" என்று மாத்திரம் சொன்னான். நெடுநாள் ஊரைவிட்டு இருப்பவர்களுக்குப் பெற்றோரின் வயது தாங்கள் புறப்பட்ட தினத்திலேயே நின்றுவிடுகிறது. வருத்தத்தோடுதான் ஒப்புக் கொண்டான்.

அநுமதிச் சீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த தேசங்களுக்கெல்லாம் ஒரே அநுமதி போதும். எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறோமோ அந்தத் தேசத்தாரிடம் கேட்க வேண்டும். கட்டணம் தலைக்கு 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷியூரன்ஸ் கட்டாயம். முதியவர்களுக்கு அதை வாங்கும்போது, முன்னமே உள்ள வியாதிகளுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி இனாம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். சக்கர நாற்காலியில் அம்மா சந்தோஷமாக உட்கார்ந்தாள். அப்பா மறுத்து, அதன் பக்கத்தில் நடந்தார். பாதி தூரம் போனபிறகு ஒன்றும் சொல்லாமல் மற்றொன்றில் உட்கார்ந்தார்.

லூசர்ன் நகரத்தில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத்துறை. இடது பக்கம் சிறிது தூரத்தில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மூடிய மரப் பாலம். 1993-ல் தீப்பிடித்துப் பெரும் பகுதி எரிந்துபோய், மறு வருஷமே திரும்பக் கட்டினார்களாம். ஏரிக் கரையில் சமதரையாக நெடுந்தூரம் மரநிழல் பாதை. நூறு அடிக்கு ஒரு பெஞ்சி. அம்மா எந்தப் பெஞ்சியையும் அலட்சியம் செய்யவில்லை. சமையலறையுடன் கூடிய ஒரு சிறு ஜாகை பிடித்திருந்தோம். அரிசியும் தயிரும் தெருக்கோடியிலேயே கிடைத்தன. பருப்புப் பொடியும் காபிப் பொடியும் நம்மோடு கடல் கடந்து வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஸ்டேஷனுக்குள் உள்ள கடை மட்டும் திறந்திருக்கும் என்பதைச் சனிக்கிழமையே தெரிந்து கொள்வது நல்லது. எட்டு நாளுக்கு ஒரே சீட்டு வாங்கிவிட்டோம். ரயில், பஸ், ஏரிக் கப்பல், ரிகி ரயில் எல்லாம் அதில் அடக்கம். விலை அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் விலையைக் கேட்டு, நம் ரூபாயில் பெருக்கி, "வேண்டாம், இங்கேயே இருக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்லுகிற தொல்லை அதனால் ஒழிந்தது.

தம்பி நாலு நாளைக்கு வந்து சேர்ந்து கொண்டான். அம்மா கப்பல் தளத்தில் ஏறுவதை முதல் நாள் பின்னால் இருந்து பார்த்தான். அதன் பிறகு பாரிஸ் பேச்சை எடுக்கவில்லை.

ரிகிக்கு மூன்றாவது நாள் போனோம். லூசர்னிலிருந்து விட்ஸ்னாவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். கப்பல் நிற்கும் இடத்துக்கு எதிரேயே சிவப்பு ரயில் நிற்கிறது. அப்பா உடனே ஏறவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவில் ஏணியைப் படுக்க வைத்ததுபோல் இருந்த பல் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, "இது ரிகன்பாக் முறை, ஏணி மாதிரி. நம் ஊரில் இருப்பது ஆப்ட் முறை, பட்டைப் பட்டையாக இருக்கும். இது பழசு" என்று தம்பிக்கு விளக்கினார். ரயில் அரைமணி நேரத்தில் மேலே கொண்டுபோய் விட்டது. புல்வெளியில் மாடுகள், கழுத்தில் மணிகள். நிழல் விழும் இடங்களில் மாத்திரம் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. ஸ்டேஷனிலிருந்து உச்சிக்குச் சிறிது தூரம் ஏற்றம். அப்பா நாலு இடத்தில் நின்று ஏறினார். இந்தத் தடவை வாகன்களை எண்ணவில்லை. நிற்கிறேன் என்று சொல்லியே நின்றார்.

அன்று ஆகாயம் நிர்மலமாக இருந்தது. தெற்கே வெள்ளைச் சிகரங்கள் வரிசையாகத் தெரிந்தன. பலகையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, நமது பழைய வழக்கப்படி, ஒவ்வொன்றாக விரலால் காட்டினோம். வெகு தூரத்தில் யுங்ஃபிராவ். அப்பா அதை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

"அங்கே போயிருக்கலாம்" என்றார்.

நாம் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. "இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். ஆனால் அது நமக்காகச் சொன்னது. டாக்டர் சொன்னதும், நாம் செய்ததும் சரி என்பதில் நமக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அவர் அங்கே பார்த்துக் கொண்டு நின்ற விதம் மாத்திரம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பரிகாரமாகத்தான் இத்தாலிக்குப் போகும் வழியில் பழைய கோட்டார்ட் பாதையைப் பிடித்தோம். 2016-ல் திறந்த புதிய சுரங்கம் 57 கிலோ மீட்டர் நீளம். உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். அதில் போனால் சீக்கிரம் போகலாம். "57 கிலோ மீட்டர் இருட்டைப் பார்க்கவா இத்தனை பணம்?" என்றார் அப்பா. 1882-ல் திறந்த பழைய பாதையிலும் சாதாரண ரயில் இன்னும் ஓடுகிறது. மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறுகிற பாதை அது. வாஸன் என்னும் சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்குமேல் தெரிகிறது. சுரங்கத்துக்குள் புகுந்து வெளிவந்தால் கண்ணுக்கு நேரே நிற்கிறது. இன்னொரு தடவை புகுந்து வந்தால் காலுக்குக் கீழே கிடக்கிறது. அப்பா மூன்று தடவையும் ஜன்னல் பக்கம் மாறி மாறி ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அதன்பிறகு வரும் பதினைந்து கிலோ மீட்டர் சுரங்கத்தைத் தோண்டும்போது ஏறக்குறைய இருநூறு தொழிலாளர்கள் மாண்டார்கள். வேலையை ஒப்புக்கொண்ட லூயி ஃபாவ்ர் என்பவரும் 1879-ல் அதற்குள்ளேயே உயிர் விட்டார். சுரங்கம் முடியும் வரையில் அப்பா பேசவில்லை.

மிலானில் ஓர் இரவு படுத்து எழுந்து, மறுநாள் பகலில் வெனிஸ் போய்ச் சேர்ந்தோம். அந்த ஸ்டேஷனின் விசேஷத்தை நாம் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். மற்ற ஊர்களில் ஸ்டேஷன் வாசலில் தெரு இருக்கும், ஜட்கா இருக்கும், மோட்டார் இருக்கும். இங்கே கதவைத் தாண்டினால் எதிரே கால்வாய். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வழியை மறைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இங்கே நமது கெட்டிக்காரத்தனத்தின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜாகைக்கும் படகுத்துறைக்கும் நடுவில் பாலமே இருக்கக் கூடாது என்று பத்துத் தடவை எழுதிக் கேட்டிருந்தோம். பாலம் இல்லைதான். ஆனால் வீடு இரண்டாவது மாடியில், லிப்ட் கிடையாது, 44 படி! ஊரிலுள்ள பாலங்களையெல்லாம் எண்ணிய பூகோள உபாத்தியாயருக்கு, வீட்டுக்குள் மாடிப்படி இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா நம்மைக் குற்றம் சொல்லவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறிவிடுகிறேன்" என்றாள். ஆகவே காலையில் கட்டுச்சாதத்துடன் இறங்கினால் இரவுதான் திரும்புவது என்று ஆகிவிட்டது. மூன்று நாளுக்கான படகுச் சீட்டு கையில் இருந்ததால், களைத்தபோதெல்லாம் படகில் ஏறி உட்கார்ந்தோம். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024 முதல் சில தினங்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை. அந்தப் பகற்கூட்டம் சாயங்காலம் வடிந்தபிறகுதான் வெனிஸ் தன் முகத்தைக் காட்டுகிறது.

கடைசி நாள் சாயங்காலம் முதலாம் இலக்கத்துப் படகில் அம்மாவுக்கு முன்பக்கத்து ஆசனம் கிடைத்தது. வெளிறிய சிவப்பும் மஞ்சளுமாக மாளிகைகள் இருபுறமும் நகர்ந்தன. வாசற்படியில் தண்ணீர் அலம்பிக் கொண்டிருந்தது. காலண்டர் சொன்னது உண்மைதான். அப்பா தூங்கி விட்டார். ரியால்டோ பாலம் வந்தது.

"அம்மா, அதுதான் அந்தப் படத்தில் உள்ள பாலம். அடுத்த துறையில் இறங்கி, மெதுவாக மேலே ஏறிப் பார்க்கிறாயா? கையைப் பிடித்துக் கொள்கிறேன்" என்றோம். ரிகியில் விட்டதை இங்கே பிடித்து விடலாம் என்ற எண்ணம் நமக்கு.

"அதன்மேல் ஏறிக்கொண்டால் அது எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

படகு பாலத்தின்கீழ் நுழைந்து வெளியே வந்தது. பெரிய கால்வாயைத் தாண்டி, மார்க் சதுக்கத்துத் தீபங்களைத் தாண்டி, இருட்டிய பிறகு லிடோ தீவின் கடைசித் துறையில் நின்றது. அப்பாவை எழுப்பினோம். எல்லோரும் இறங்குகிறார்கள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"இந்தச் சீட்டு நாளைக் காலை வரையில் செல்லும் என்று சொன்னாயே?" என்றாள்.

செல்லும் என்றோம்.

"அப்படியானால் திரும்பிப் போகிற படகிலும் இந்த முன் இடம் கிடைக்குமா, போய்க் கேள்."